தொட்டிக்குப் பிளம்பர், குழிக்கு யார்?

ஃபிளஷ் டேங்கிலிருந்து கோப்பைக்குள் தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். அல்லது உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தவேண்டிய மிதவை வால்வு பழுதாகி, டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். சுவரில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, பழைய வாஷரைக் கழற்றிப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். செய்ய வருகிறவரைப் பிளம்பர் என்கிறோம். வீட்டுக்குள் வருவார், டீ கொடுப்போம், பேசிய கூலியைக் கையில் கொடுப்போம்.

அதே கழிப்பறையில் அடைப்பு ஏற்பட்டால்? பல வீடுகளில் அந்தப் பிளம்பரே சொல்வார்: "அது நம்ம வேலை இல்ல சார், ஆள் அனுப்புறேன்." அந்த 'ஆள்' பெரும்பாலும் ஊரில் ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்துதான் வருவார். பக்கவாட்டுச் சந்து வழியாக வருவார். டீ வந்தால் வேறு டம்ளரில் வரும்.

ஒரே கருவி, ஒரே பழுது, ஆனால் இரண்டு தொழில்கள். டேங்கில் நிற்கும் தண்ணீரைத் தொடுவது கைத்திறன். கோப்பைக்குக் கீழே போன தண்ணீரைத் தொடுவது சாதி. இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஃபிளஷ் கழிப்பறையின் வரலாற்றையும் நம் நகராட்சிகளின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கருவி பிறந்த ஊர். லண்டனில் ஃபிளஷ் கழிப்பறைக்கு 1775-இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் ஒரு கடிகாரத் தொழிலாளி. கழிவுக் குழாயை 'எஸ்' வடிவில் வளைத்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்ததுதான் அவர் கண்டுபிடிப்பின் உயிர். வாட்டர் சீல் என்று நாம் சொல்வது அந்தத் தண்ணீரைத்தான். கீழேயுள்ள நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுப்பது அதுதான். அவருடைய வால்வு அடிக்கடி தகராறு செய்தது. இப்படிப்பட்ட கழிப்பறைகளை வீடுகளில் பொருத்திக்கொண்டிருந்த ஜோசப் பிராமா என்ற மரவேலைக்காரர், அந்த வால்வை மாற்றி 1778-இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். தேய்கிற, சிக்கிக்கொள்கிற, ஒழுகுகிற பாகத்தை எப்படி மாற்றுவது என்ற கேள்விதான் இந்தக் கருவியை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு வளர்த்தது.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், ஒழுகும் வால்வுகளால் தண்ணீர் வீணாகிறது என்று லண்டன் தண்ணீர் கம்பெனிகள் புலம்பின. அதற்குப் பதிலாக வந்ததுதான் சைஃபன் தொட்டி. அடியில் வாஷர் கிடையாது, அதனால் தேய்ந்து ஒழுகவும் வழியில்லை. 'தண்ணீர் வீணாவதைத் தடுப்பான்' என்பதே அதன் பெயர். பிரிட்டனில் புதிதாகப் பொருத்தும் தொட்டிகளுக்கு சைஃபன்தான் விதி என்ற நிலை 20-ஆம் நூற்றாண்டு முடியும்வரை நீடித்தது. ஒரு வாஷர் தேய்வதைக்கூட அரசின் கவலையாக எடுத்துக்கொண்டு சட்டம் போட்ட சமூகம் அது.

அங்கே யார் இதைப் பழுதுபார்த்தார்கள்? பிளம்பர் என்ற சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஈயக் குழாய் வேலை செய்தவர்களுக்கு லண்டனில் தனிச் சங்கம் இருந்தது. 1611-இல் அதற்கு அரசரின் சாசனமும் கிடைத்தது. ஃபிளஷ் வருவதற்கு முன்பு இரவில் மலக்குழிகளை அள்ளியவர்கள் தனி. அவர்கள் ஏழைகள், நாற்றத்தோடு வாழ்ந்தார்கள், குழிக்குள் செத்தவர்களும் உண்டு. லண்டனை இதில் சொர்க்கமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வேலைக்குக் கூலி பேச முடிந்தது. மகன் வேறு வேலைக்குப் போனால் அவனை இழுத்துவந்து குழியில் இறக்கச் சட்டம் இல்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போகும் இடத்தில் பாட்டனின் வாளி முன்னால் போய் நிற்கவில்லை.

அதே பிரிட்டிஷ்காரர்கள் இங்கே நகராட்சிகளை அமைத்தபோது என்ன செய்தார்கள்? கல்கத்தா, பம்பாய், சென்னையில் வெள்ளையர் வாழ்ந்த பகுதிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மெல்ல மெல்லப் பாதாளச் சாக்கடையும் ஃபிளஷ் தொட்டியும் வந்தன. மற்ற எல்லோருக்கும் எடுப்புக் கக்கூஸ். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தைப் பார்த்து ஒரு சின்னக் கதவு, கதவுக்குள் ஒரு வாளி அல்லது வெறும் தளம். தகரத் துண்டு, விளக்குமாறு, கூடை. குழாய் தேவையில்லை, வால்வு தேவையில்லை. கூலி அதைவிட மலிவு. மனிதர்களை இப்படி வேலை வாங்குவதற்கு ஏற்கெனவே ஒரு சமூக ஏற்பாடு இருந்ததால், நகராட்சிக்கு அது செலவில்லாத தொழில்நுட்பமாகத் தெரிந்தது. எடுப்புக் கக்கூஸில் தேய்கிற உதிரிப்பாகம் மனிதர். அவர் தேய்ந்துபோனால் அவர் பிள்ளையைப் பொருத்துவார்கள்.

இதை ஆவேசத்தில் சொல்லவில்லை, சட்டத்திலேயே இருக்கிறது. 1911-ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டத்திலும், 1916-ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாண நகராட்சிச் சட்டத்திலும் ஒரு பிரிவு உண்டு. ஒரு வீட்டில் வழக்கமாகத் துப்புரவு செய்யும் உரிமை உள்ளவர் அந்த வேலையைச் சரியாகச் செய்யத் தவறினால் அவருக்கு அபராதம் விதிக்கலாம். 'உரிமை' என்ற சொல்லைக் கவனியுங்கள். மலம் அள்ளும் கடமைக்கு வைத்த பெயர் அது. அண்ணல் அம்பேத்கர் இந்தப் பிரிவுகளைத் தன் எழுத்தில் எடுத்துக்காட்டி, வேலையை விட்டு விலகுவதே குற்றமாகும் ஒரே கூட்டமாகத் துப்புரவாளர்கள் ஆக்கப்பட்டதைச் சுட்டுகிறார். காந்தி அந்த வேலையின் புனிதத்தைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. புனிதம் என்றால் ஏன் எல்லோரும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் அண்ணலின் விமர்சனத்தின் சாரம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கமிட்டிகள் வந்தன. 1949-இல் பம்பாய் மாகாணம் பார்வே கமிட்டியை அமைத்தது. 1957-இல் மத்திய அரசு மல்கானி கமிட்டியை அமைத்தது, 1960-இல் அறிக்கை வந்தது. வழக்க உரிமை ஒழிய வேண்டும் என்று மல்கானி கமிட்டி சொன்னது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கால அரசாணைகளும் மானியங்களும் எதில் கவனம் செலுத்தின என்று பார்த்தால் மனம் கசக்கிறது. தலையில் கூடை வேண்டாம், தள்ளுவண்டி கொடுங்கள். ஒழுகாத வாளி கொடுங்கள். கையுறை கொடுங்கள். பழுதான பாகங்களைத்தான் மாற்றினார்கள், இயந்திரத்தில் கைவைக்கவில்லை.

இந்த முரண்பாடு உச்சத்தில் இருந்த இடம் ஒன்று உண்டு. தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஊர். கோலார் தங்கவயல்.

1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுத்தது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் வட தமிழகத்திலிருந்து போன தலித் குடும்பங்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பெரும்பாலான நகரங்கள் மின்விளக்கையே பார்க்காத காலம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. அவ்வளவு ஆழத்திலிருந்து மனிதரையும் பாறையையும் இரும்புக் கயிற்றில் மேலே இழுக்கும் எந்திரங்கள் இருந்தன. அந்தக் கயிறு தேய்கிறதா என்று சோதிக்கவும், தேய்ந்தால் மாற்றவும் பொறியாளர்கள் இருந்தார்கள். கயிறு அறுந்தால் கம்பெனிக்கு நஷ்டம்.

ஆனால் தொழிலாளர் லைன் வீடுகளில் எடுப்புக் கக்கூஸ். 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின, பிறகு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பொதுத்துறை வந்தது. அப்போதும் எடுப்புக் கக்கூஸ்தான். 1990-கள் வரை தொடர்ந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே தள்ளத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு, ஒரு கோப்பையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றும் ஏற்பாடு செய்யத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

பெஜவாடா வில்சன் பிறந்து வளர்ந்த ஊர் அது. மலம் அள்ளும் குடும்பம். அந்த உண்மையைப் பெற்றோர் பிள்ளையிடம் மறைத்துவைத்திருந்தார்கள். குழிக்குள் விழுந்துவிட்ட வாளியைக் கையை விட்டுத் துழாவி எடுத்த தொழிலாளர்களைப் பார்த்த பிறகுதான் இதற்கு முடிவு கட்ட வேண்டும் என்று தோன்றியதாக அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பழுதை மனிதக் கையால் சரிசெய்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டியதில்லை. வாளி போனால் வேறு வாளி என்று யாருக்கும் தோன்றவில்லை. வாளிக்குக் கணக்கு எழுத வேண்டும். கைக்கு எழுத வேண்டியதில்லை. வில்சனும் தோழர்களும் தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் உச்சநீதிமன்றம் போனது. அந்த வழக்கின் தீர்ப்பு 2014 மார்ச் 27-இல் வந்தது. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

இடையில் 1993-இல் ஒரு சட்டம் வந்தது. கையால் மலம் அள்ளுவோரை வேலைக்கு அமர்த்துவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்த சட்டம். 1997 ஜனவரியில்தான், அதுவும் சில மாநிலங்களில் மட்டும், நடைமுறைக்கு வந்தது. இதன் வரையறைப் பிரிவைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். உலர் கழிப்பறை என்றால் என்ன? வாட்டர் சீல் இல்லாத கழிப்பறை. வாட்டர் சீல் என்றால் குறைந்தது 20 மில்லிமீட்டர். கடிகாரத் தொழிலாளி கம்மிங் வளைத்த அந்தக் குழாயில் நிற்கும் தண்ணீர், 200 ஆண்டுகள் கழித்து இந்தியச் சட்டத்தில் மனித மாண்பின் அளவுகோல் ஆனது. அந்தத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் குற்றம். அந்தப் பக்கம், அதாவது குழாயிலும் செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் என்ன நடந்தாலும், 1993 சட்டத்துக்குக் கண் தெரியவில்லை.

கழிப்பறையை மாற்றினால் சாதித் தொழில் தானாகப் போய்விடும் என்ற நம்பிக்கை இது. 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கமும் இதே நம்பிக்கையில் நின்றது. நம்பிக்கை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். கூடை சுமந்த லட்சக்கணக்கான பெண்களின் தலையிலிருந்து கூடை இறங்கியதற்கு வாட்டர் சீலுக்கும் பங்கு உண்டு. இரட்டைக் குழி முறையை ஒழுங்காகக் கட்டினால், ஒரு குழி நிரம்பியதும் அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, பழையதில் உள்ளது மண்ணாகும்வரை விட்டுவைக்கலாம். அதை அள்ளுவது எரு அள்ளுவது மாதிரிதான். ஆனால் நம் ஊர்களில் அதிகம் கட்டியது ஒற்றைக் குழியும், விதிப்படி இல்லாத செப்டிக் டேங்கும். அவை நிரம்பினால் யாரோ வர வேண்டும்.

கூடை இறங்கிய கை குழிக்குள் போனது. வேலைப் பிரிவினை அப்படியே நவீனக் கருவிக்குள் குடியேறியது. குழாய் வேலை புதிய தொழில் என்பதால் அதற்குப் பரம்பரைச் சாதி இல்லை. ஐ.டி.ஐ.-இல் ஒரு வருடப் படிப்பு உண்டு. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்திலிருந்து நாடு முழுக்கப் பிளம்பர்கள் போகிறார்கள், அங்கே பட்டமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே அரசு நிறுவனம் நடக்கிறது. இடைநிலைச் சாதிப் பையன்களும் எங்கள் பையன்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலையாக அது வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அந்த மரியாதை கோப்பையோடு நின்றுவிடுகிறது. ஊர்ப் பொதுக்கிணற்றில் எங்களைத் தொடவிடாதவர்கள் சாக்கடைக்கு மட்டும் எங்களைத் தேடிவந்த பழைய இலக்கணம்தான் இது. டேங்கில் நிற்பது கிணற்றுத் தண்ணீர். கோப்பையைத் தாண்டினால் அது சாக்கடை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ஃபிளஷ் பைப்.

இப்போது மறுபடியும் அந்த வாஷருக்கு வருகிறேன். சமூகப் பணியில் பல பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் போயிருக்கிறேன். திறப்புவிழாக் கல்வெட்டு பளபளவென்று இருக்கும். உள்ளே டேங்கின் மூடி உடைந்திருக்கும், வாஷர் தேய்ந்து தண்ணீர் நிற்காது, 'தண்ணீர் வீணாகிறது' என்று யாரோ ஆங்கிள் காக்கை அடைத்துவைத்திருப்பார்கள். ஃபிளஷ் போனால் குழந்தைகள் குவளையில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். அது வளைவைத் தாண்டித் தள்ளப் போதாது. சில வாரங்களில் அடைப்பு. அதன் பிறகு அந்தக் கோப்பை நடைமுறையில் ஒரு எடுப்புக் கக்கூஸ்தான். சட்டம் கேட்ட 20 மில்லிமீட்டர் தண்ணீர் அங்கேதான் நிற்கிறது, மலத்தோடு சேர்ந்து. யாரோ குச்சியோ கையோ விட வேண்டும்.

யாரைக் கூப்பிடுவார்கள் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவவைத்ததாகத் தலைமையாசிரியர் மீது வழக்குப் பதிவாகி, கைதும் ஆனார். வெளியே வந்தது ஒன்று. அப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ஆசிரியரின் மனப்பான்மை பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அந்தக் கழிப்பறையைப் பராமரிக்க மாதம் எவ்வளவு பணம் வந்தது, யாரிடம் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் ஊரகத்தில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு ஊக்கத்தொகை ரூ.12,000. கட்டுவதற்கு. கட்டிய பிறகு தேயும் வாஷருக்கும் உடையும் மிதவைக்கும் நிரம்பும் குழிக்கும் அந்தத் தொகையில் இடமில்லை. கட்டுவதற்கு ஒரு முறை பணம், பராமரிப்புக்குச் சாதி. அரசு எழுதாமல் விட்ட பட்ஜெட் அதுதான்.

2013-இல் புதிய சட்டம் வந்தது. முன்னுரையிலேயே வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொண்டது. செப்டிக் டேங்கையும் சாக்கடையையும் உள்ளே கொண்டுவந்தது. அதுவும் 20 ஆண்டுகாலப் போராட்டத்தால்தான். ஆனால் வரையறையில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர், கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார். ரயில் பெட்டிக் கழிப்பறைக்கும் இதே மாதிரி ஒரு விலக்கு. பார்வே காலத்துக் கையுறை சட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

இயந்திரம் வந்தால் தீரும் என்கிறார்கள். 2018-இல் கேரளத்தில் இளைஞர்கள் உருவாக்கிய பேண்டிகூட் எந்திரன் ஆள்நுழைவுக் குழிக்குள் மனிதர் இறங்காமலே அடைப்பு எடுக்கிறது. 2019-இல் டெல்லியில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 200 இயந்திர வண்டிகளைச் சொந்தமாகவே கொடுத்தார்கள். சாவதைவிட ஓட்டுவது ஆயிரம் மடங்கு மேல், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் கூட்டங்களில் இதில் ஒரு பிணக்கு எப்போதும் வரும். "வண்டி எங்க பேர்ல இருக்கு, சரி. ஆனா சாக்கடை வண்டின்னா அது எங்களுக்குத்தான்னு ஏன்?" என்று கேட்ட ஒரு அக்காவுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முதலாளியாக இருப்பது முன்னேற்றம்தான். வேலையைச் சாதியிடமிருந்து பிரிப்பது வேறு வேலை, அது இன்னும் தொடங்கவில்லை. டேங்க் முதல் குழிவரை ஒரே தொழிலாகப் பயிற்சி கொடுத்து, ஒரே சான்றிதழ், ஒரே கூலி என்று வைத்தால், அப்போது யார் விண்ணப்பம் போடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

நீதிமன்றங்கள் இழப்பீட்டை உயர்த்தியிருக்கின்றன. 2014 தீர்ப்பில் சாக்கடை மரணத்துக்கு ரூ.10 லட்சம். 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் ரூ.30 லட்சம். பணம் கைக்கு வருவதற்குக் குடும்பங்கள் நடக்கும் நடையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1993 முதலான சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்களைத் தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையம் கணக்கெடுத்தபோது மாநிலங்களில் முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. திராவிட மண், சமூகநீதி மண் என்று மேடையில் பேசும்போது இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2013-லும் 2018-லும் நடத்திய கணக்கெடுப்புகளில் நாடு முழுவதும் 58,098 பேரைக் கையால் மலம் அள்ளுவோர் என்று அரசு அடையாளம் கண்டது. அடையாளம் கிடைத்தவருக்கு ஒருமுறை உதவித்தொகை ரூ.40,000 உண்டு. உலர் கழிப்பறையில் வேலை செய்தவரைத் தேடிய பட்டியல் அது. அபார்ட்மெண்டில் ஃபிளஷ் வைத்த கோப்பையின் அடைப்பு எடுக்க வந்தவர் அதில் இல்லை. செப்டிக் டேங்கில் இறங்கியவரும் இல்லை. அவர்கள் செய்வதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது: 'ஆபத்தான துப்புரவு'. அதனால்தான் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில் வருகிறது. கையால் மலம் அள்ளியதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை. அதே பதிலின் அடுத்த வரியில், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் எண்ணிக்கை தனியாக இருக்கும்.